ஏணி பதிவாகவில்லை

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பெயிண்டர் நின்றார். கணினி அவரைப் பதிவு செய்ய மறுத்தது.

கல்லாவில் இருந்த மாமியார் பெயரைத் தட்டினார், தேதியைத் தட்டினார், 'ஏணி' என்று தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பெட்டி வந்து, இனிமேல் இடமில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதை மூடினால் மறுபடி வந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எறங்கி வரீங்களா? உங்க டேட்டாபேஸ் என்னவோ அடம் பிடிக்குது."

மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன அறை. அதுதான் மாப்பிள்ளையின் அலுவலகம். உள்ளேயிருந்து அவர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கி வந்தார். கூப்பிடுவதற்காகவே காத்திருந்தவர் போல் இருந்தது. உண்மையும் அதுதான்.

ஏணி, ட்ரில், பம்பு, ரம்பம், கலவை மெஷின் என்று கட்டட வேலைக்கான சாமான்களை வாடகைக்கு விடும் கடை அது. மாமனாருடையது. கீழே கடை, பின்னால் கிடங்கு, மேலே வீடு. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாளைக்கு என்று இங்கே வந்தார். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. யாரும் சொல்லாததால் அது அவருக்கு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வந்த புதிதில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று குறுகிப்போவார். பாதித் தட்டிலேயே கை கழுவிவிடுவார். மாமியார் தட்டைப் பார்ப்பாரே தவிர ஒன்றும் கேட்க மாட்டார். இந்த நிலையில்தான் மாப்பிள்ளை ஒரு டேட்டாபேஸ் செய்தார். எந்தச் சாமான் யாரிடம் போகிறது, எப்போது திரும்புகிறது என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். கீழே யாராவது ஒன்று பதிந்தால் மேலே அவர் திரையில் ஒரு வரி விழும். முதலில் நாளுக்கு ஒன்றோ இரண்டோ வரிதான் விழுந்தது, அவரும் வாடிப்போய் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு திடீரென்று வியாபாரம் சூடு பிடித்தது. வரிகள் மளமளவென்று விழ ஆரம்பித்தன. பசியும் திரும்பி வந்தது.

அந்த டேட்டாபேஸ்தான் இப்போது படுத்துவிட்டது. இது போய்விட்டால் தாம் மறுபடியும் உப்புக்குச் சப்பாணிதான் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அத்தை. ஃபைல் வீங்கிப்போச்சு. இந்த மாதிரி ஃபைல்ல எழுத எழுத அது பெருத்துக்கிட்டே போகும். சுருக்கிட்டா சரியாயிடும்."

"அழிச்சிட்டா எளைக்காதா சார்?" என்று பெயிண்டர் கேட்டார்.

"அதான் இல்ல. ஒரு வரியை அழிச்சாலும் அதோட எடம் காலியாகாது, அப்படியே அடைச்சுக்கிட்டு நிக்கும்."

பெயிண்டர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். இப்படி அக்கறையாகக் கேட்கும் வாடிக்கையாளர்கள் கிடைப்பது அபூர்வம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். பெயிண்டர் எப்போதுமே அப்படித்தான். தினமும் வருவார், அவசரப்பட மாட்டார், சட்டையில் ஒரு பொட்டுப் பெயிண்டு இருக்காது. தொழிலில் அவ்வளவு சுத்தம்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் அப்புறம் ஏத்திக்கறேன்."

"பரவால்ல சார். எழுதாம எடுத்துட்டுப் போனா நல்லாருக்காது. நிக்கறேன்."

மாப்பிள்ளை மேலே போய்ச் சுருக்கிச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தார். முடியாது என்றது கணினி. வேறு யாரோ இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எல்லாரும் வெளியேறினால்தான் அதில் கை வைக்க முடியும்.

முதலில் கல்லா. மாமியார் மூடத் தயங்கினார். திறந்தே இருக்கட்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். சொன்னது உண்மைதான், இப்போது மூடச் சொல்வதும் நான்தான் என்று மாப்பிள்ளை விளக்கினார். அடுத்து மாமனாரின் அறை. மாமனார் கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார், அதற்குப் பின்னால் டேட்டாபேஸும் திறந்திருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவசரமாகச் சீட்டை மறைத்து, டேட்டாபேஸை முன்னால் கொண்டுவந்து, மும்முரமாகப் பார்ப்பது போல் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். சொந்தக் கடையில், சொந்த நாற்காலியில், அவர் மாப்பிள்ளைக்குப் பயந்தது பார்க்கப் பாவமாக இருந்தது.

கிடங்கில் மச்சினன். மனைவியின் தம்பி. பெருக்கி முடித்து விளக்குமாற்றை மூலையில் சாத்திக்கொண்டிருந்தான். பம்புகள் உறை கூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றன. காலையில் எல்லாப் பம்பும் வெளியே போனதாகத்தானே திரையில் பார்த்தோம் என்று மாப்பிள்ளைக்கு ஒரு கணம் குழம்பியது. சீக்கிரமே திரும்பி வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அவசரத்தில் இருக்கிறவனுக்குப் பம்பெல்லாம் பெரிதாகத் தெரியாது.

கிடங்குக் கணினியும் சேர்த்து எல்லாரும் மூடியாயிற்று. கணினி இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்றது.

மிச்சம் இருந்தது மேல் வீடு. மனைவியின் மடிக்கணினியிலும் அது திறந்திருந்தது.

"நீ எதுக்கும்மா தொறந்து வச்சிருக்கே?"

"சும்மாதாங்க. உங்க வேலையைப் பாக்கணும்னு தோணுச்சு."

மாப்பிள்ளைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கட்டிய மனைவி கணவனின் டேட்டாபேஸைத் திறந்து ரசிக்கும் குடும்பம் எத்தனை இருக்கும்? அதே பூரிப்போடு இறங்கிவந்து மறுபடி கட்டளை கொடுத்தார்.

இந்த முறை கணினியின் ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை. சுருக்குவதென்றால் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோப்பை எழுதியாக வேண்டும், அதற்கு இடம் வேண்டும். மாப்பிள்ளை குப்பை தேடினார். 'பழையது' என்று பெரிதாக ஒன்று கிடந்தது. பெயரே சொல்கிறதே என்று அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். காலி செய்து முடித்த பிறகுதான், இந்த மாதிரி ஆபத்துக்கு ஆகும் என்று டேட்டாபேஸின் பிரதிகளை எடுத்து வைத்து, அதற்குப் 'பழையது' என்று பெயரிட்டவர் தாம்தான் என்பது நினைவுக்கு வந்தது.

இனி இருப்பது ஒரே ஒரு கோப்பு. அதுவும் வீங்கிய கோப்பு. வேறு வழியில்லாமல் சுருக்கும் வேலையைத் தொடங்கினார். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. பாதி தாண்டியது. மாப்பிள்ளை மூச்சுவிட்டார்.

கீழே மாமனார் மனிதாபிமானத்தோடு அறையிலிருந்து வெளியே வந்தார். "எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? இப்படி வந்து உக்காருங்க" என்று பெயிண்டரைக் கூப்பிட்டார்.

பெயிண்டர் மரியாதையாகத் திரும்பினார். அவரோடு ஏணியும் திரும்பியது. முன்முனை சுவர்க் கடிகாரத்தைத் தொட்டுவிட்டு நின்றது. பின்முனை, கோப்பு இருந்த கல்லாக் கணினியிலிருந்து படிக்கட்டு ஓரமாக மேலே போய்க்கொண்டிருந்த வயரை அள்ளிக்கொண்டு வந்தது.

மேலே பச்சைப் பட்டை நின்றுவிட்டது. வயரைத் திரும்பச் சொருகி, மாப்பிள்ளை கோப்பைத் திறந்து பார்த்தார். இது என்ன கோப்பு என்றே தனக்குத் தெரியவில்லை என்றது கணினி.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்கு கூட மிஞ்சவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அழவில்லை, ஆனால் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தார். அடுப்படியில் குக்கர் கத்தியது. இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன் எப்படி உட்காருவது என்று யோசித்தார்.

அவர் எழுந்து நடக்கும் சத்தம் கேட்கவில்லை என்று கீழே மாமனாரும் மாமியாரும் பெயிண்டரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமியார் பாதிப் படி வரை ஏறி வந்து, என்ன ஆனாலும் பரவாயில்லை, முதலில் சாப்பிட வாருங்கள் என்றார். சாப்பாடு என்ற சொல்லே மாப்பிள்ளைக்குக் குத்தியது. இதோ ஆயிற்று என்றார்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. அடிபட்ட கோப்பின் பிரதியைத் தம் கணினிக்கே கொண்டுவந்தார். வயர் எதையும் நம்பாமல், சரிசெய்யும் கட்டளையை அங்கேயே ஓட்டினார். கோப்பு அரைகுறையாகக் கண் திறந்தது. காலியாகப் புதிதாக ஒரு டேட்டாபேஸ் உண்டாக்கி, பழையதிலிருந்து ஒவ்வொரு அட்டவணையாக அதற்குள் இழுத்தார். சாமான்கள் வந்தன. வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கடைசியில் வாடகைப் பதிவுகளும் வந்து சேர்ந்தன. கடைசி வரி வரைக்கும் இருந்தது. ஒன்றும் போகவில்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு புதிய கோப்பு எவ்வளவு பெரியது என்று பார்த்தார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருந்தது. அத்தனை பெரிய கோப்பில் உண்மையான சரக்கு இவ்வளவுதான். மீதியெல்லாம் அழித்த வரிகள் அடைத்து வைத்திருந்த இடம். ஆனால் இந்தக் கடையில் யாரும் எதையும் அழிப்பதில்லையே? அவர் பதிவு எண்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தார். ஒரு எண் இருந்தது, அடுத்த பத்துப் பன்னிரண்டு எண்களைக் காணோம், பிறகு ஒரு எண். எல்லாப் பக்கமும் பல் விழுந்த வாய் போல இருந்தது. பகலில் அவர் கண்ணால் பார்த்த வரிகளை, அவர் இல்லாத நேரத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள்.

எழுதிவிட்டு அழிப்பதற்கு அவருக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். சாமானை வாடகைக்கு விட்டு, பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தடயத்தைத் துடைப்பது. தினமும் சாயங்காலம் அவர் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போவார். அந்த நேரத்தில் கடையை மூடுவது மச்சினன். அந்த எண்ணம் வந்ததற்கே மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. வந்தபின் போகவும் இல்லை.

கீழே இறங்கினார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"டேட்டாபேஸ் வந்துடுச்சு" என்றார். யாரும் சந்தோஷப்படுவதற்குள், கிடங்கிலிருந்து வந்து நின்ற மச்சினன் பக்கம் திரும்பினார். "எழுதினதையெல்லாம் சாயங்காலம் அழிக்கறது யாரு?"

மச்சினன் அம்மாவைப் பார்த்தான். "நான்தான் அத்தான்."

"எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் அவன் ஏதாவது சொல்லிவிட மாட்டானா என்று காத்திருந்தார்.

மாமனார் குறுக்கே வந்தார். "மாப்பிள்ளை, அவன் கை சுத்தம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"எப்படிக் கேக்காம இருக்க முடியும் மாமா?" மாப்பிள்ளையின் குரல் உயரவில்லை, உடைந்தது. "இந்த வீட்ல நான் சாப்பிடற சாப்பாட்டுக்கு என் பங்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் பொய்யின்னா எனக்கு இங்க என்ன வேலை? நாளைக்கே நாங்க கெளம்பறோம்."

படியில் வந்து நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரின் கையில் இருந்த துணி மேஜை மேல் அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கியது. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்ற இடத்தில் குடும்பமே மாட்டிக்கொண்டு நின்றது.

பெயிண்டர்தான் முதலில் அசைந்தார். காலையிலிருந்து தோளில் இருந்த ஏணியை மெதுவாக, இந்தத் தடவை எதிலும் இடிக்காமல், இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். தோளைத் தடவிக்கொண்டார்.

"கோச்சுக்காதீங்க சார். சும்மா உக்காந்திருந்தா மாப்பிள்ளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுன்னு அம்மாதான் தினமும் வந்து எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க, நெசக் கணக்கு குழம்பக் கூடாதுன்னு தம்பி சாயங்காலம் அழிச்சுடுவாரு, எங்க வீட்லயே ரெண்டு ஏணி இருக்கு."