பின்நடைக் கிரிவலம்

பரசுராமன் ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடிமேல் ஒரு ஜீப் ஏறி நின்றது. அவருக்குக் கோபம் வரவில்லை. உளுந்து நெற்று உடைய டயரின் கனம் நல்லது. வேகமாகப் போனால் பயறு நாலாபுறமும் சிதறும். மெதுவாகப் போனால் நெற்று மட்டும் வெடிக்கும்.

"சார், அப்டியே ரிவர்ஸ்ல ஒரு தடவ வாங்க," என்றார் டிரைவரிடம். "மெதுவா. ஆங், அந்த ஓரம் விட்டுப்போச்சு பாருங்க."

முன்னும் பின்னுமாக ஜீப் நாலு நடை போன பிறகுதான் உள்ளே இருந்த அதிகாரி தேவிப்ரியா தலையை நீட்டினார்.

"ஐயா, ஏரிக்குக் கீழ பரசுராமன் நிலம் எதுங்க?"

"நான்தான் பரசுராமன். இன்னா சமாச்சாரம்?"

"அளக்க வந்திருக்கோம். அங்க விளையாட்டு வளாகம் வருது."

பரசுராமன் கையிலிருந்த தடி நழுவியது. அதையே எடுத்து மண்ணில் கோடு கிழித்தார்.

"இது ஏரி. இது மதகு. தண்ணி மொதல்ல என் வயலுக்கு வரும். ரொம்பினதும் மடை வழியா வேடியப்பன் வயலுக்கு எறங்கும். அங்கேர்ந்து கடைசி வயல் வரைக்கும் போவும். மேல இருக்குற என் வயல மேடாக்கி சிமெண்ட் போட்டுட்டா, கீழ இருக்குறவன் இன்னாத்த பயிர் வெப்பான்? பாதுகாக்கப்பட்ட வேளாண் நிலம்னு போர்டு நட்டதே உங்க ஆளுங்கதான மேடம்?"

தேவிப்ரியா கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நியாயம்தாங்க. ஆனா கிராம சபையில உங்க ஊர்க்காரர் ஒருத்தர் மைக்கைப் புடிச்சு உருக்கமா கேட்டாராம். எனக்கு முன்னாடி இருந்தவர் அனுமதி வாங்கிட்டார். சாயந்தரம் கூட்டத்துல கேட்டவரே எழுந்து வேணாம்னு சொல்லிட்டா, நான் நிறுத்திடறேன்."

"பேரு?"

"தெரியலைங்க."

"போன கிராம சபையில நானும்தான் தொண்ட கிழியப் பேசினேன். எவனும் காதுல வாங்கல. வெளையாட்டுன்னா மட்டும் ஓடியாறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே பரசுராமன் ஆளைத் தேடிக் கிளம்பினார். அதற்குள் செய்தி பரவி, வளாகம் வேண்டாமென்று ஊரே அவர் பக்கம் திரண்டிருந்தது.

முதலில் வேடியப்பன் வீடு. அவர் மகன் கபடி வீரன்.

"உன் புள்ளைக்காகத்தான கேட்ட?"

"மச்சான், அவன் கபடிய வுட்டுட்டு கீழ்பென்னாத்தூர்ல செல்போன் கட வெச்சிக்கினு கீறான். என் வயலும்தான் காயப்போவுது. என்னையே சந்தேகப்படறியா? போ, சாயந்தரம் உன் பக்கம் நான் கை தூக்க மாட்டேன்."

அடுத்து செழியன் வாத்தியார். ஓய்வு பெற்றபின் தினமும் நடைப்பயிற்சி போகிறவர்.

"நடக்கறதுக்கு இடம் வேணும்னு கேட்டீங்களா சார்?"

"யோவ், மலைய சுத்தி அவ்ளோ பெரிய பாதை இருக்கும்போது நான் எதுக்குய்யா உன் வயல்ல நடக்கணும்?"

அவரும் முறைத்துக்கொண்டார். இப்படியே பரசுராமன் நாலு தெருவும் சுற்றி முடிப்பதற்குள், ஊரே திரண்டிருந்த எதிர்ப்பில் மிஞ்சியது அவரும் மனைவி மணியம்மாளும்தான்.

"இன்னும் ரெண்டு வீடு போயிட்டு வா," என்றாள் மணியம்மாள். "நானும் அந்தப் பக்கம் போயிடறேன்."

ஊரைத் திரும்பச் சேர்க்க பரசுராமன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரே கோபப்பட ஒரு பொது எதிரி வேண்டும். சாயந்தரக் கூட்டத்தில் எழுந்தார்.

"உங்க மேலல்லாம் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனா கேட்டவன் ஒருத்தன் இங்கதான் கீறான். அவன் இப்பவே வேணாம்னு சொல்லணும். சொல்லிட்டு, வர்ற பௌர்ணமிக்குப் பின்நடையாவே கிரிவலம் சுத்தணும். அடி அண்ணாமலைக் கடைக்காரங்கல்லாம் பாத்து சிரிக்கணும்."

வேடியப்பன் முகம் மலர்ந்தது. "தலையில உளுந்து மூட்டையோட."

"வெச்சிக்க மச்சான்."

"வழியில டீ கூடாது," என்றார் செழியன்.

"பச்சத்தண்ணி கூட கெடையாது சார்."

"மோரு மட்டும் குடுக்கலாம், பாவம்," என்றாள் மணியம்மாள்.

"நீ சும்மா இரு. அவனுக்கு இன்னா மோரு?"

மொத்தக் கூட்டமும் கை தூக்கியது. காலையில் உடைந்த ஊர் ஒன்றாகிவிட்டது. பரசுராமனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"ரொம்ப நல்லதுங்க," என்றார் தேவிப்ரியா. "அப்போ கேட்டவர் எழுந்திருங்க."

ஒருவரும் எழவில்லை. எல்லாக் கிராம சபையிலும் மைக்கை ஆள் ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தலையாரி சடையன் மட்டும் பரசுராமனைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான்.

"எழுந்திரு மாமா. 'ஊரே ரோட்டுல அடிச்சிக்கினு கெடக்குது, பெரிசா ஒரு களம் கட்டிக் குடுங்க'ன்னு நீதான கேட்ட? நீ சொன்னது உளுந்தடிக்கிற களம், அவங்க எழுதிக்கினது ஆடுகளம்."