கச்சிராயபாளையம் ரோட்டு ரக்பி ரசிகர்கள்

ஒரு மனிதரின் பிரியத்துக்கு விலை போட முடியாது என்பார்கள். முடியும். மாதம் நாற்பத்தேழு ரூபாய், வரி தனி. ஜெயப்பிரகாஷ் அந்த விலைக்கு ஒன்றல்ல, இரண்டு பேரின் பிரியத்தை எட்டு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தார். மலிவான சரக்கு என்றுதான் நினைத்திருந்தார், அந்த இரண்டு பேரும் ஒரே சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குள் வந்து சேரும்வரை.

கச்சிராயபாளையம் ரோட்டில் அவருடையது பம்ப்செட் கடை. அன்றைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டடத்தின் சொந்தக்காரர் சவரியப்பன் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் மஞ்சப்பை. பைக்குள் கடையின் வாடகை ஒப்பந்தம், இன்னும் மூன்று வருடத்துக்கு. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. செல்போன் கம்பெனிக்காரன் ஒருவன் இதே இடத்தைக் கேட்டு இரண்டு தடவை வந்து போயிருந்தான். அந்த இரண்டு தடவையும் ஜெயப்பிரகாசுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

டிவியில் கொஞ்சம் பேர் ஒரு பந்தின் மேல் விழுந்தார்கள். மற்றவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள்.

"மேட்ச் முடியட்டும் ஜெயப்பிரகாசு. கையெழுத்து எங்க ஓடிடப் போவுது," என்றார் சவரியப்பன்.

"அவசரமே இல்லீங்க ஐயா. மேட்ச்தான் முக்கியம்."

அப்போதுதான் வாசலில், புதன்கிழமை மட்டும் வருகிற செல்லமுத்துவின் புல்லட் வந்து நின்றது. ஜெயப்பிரகாசின் கண் ரிமோட்டைத் தேடியது.

அவருடைய அப்பா சந்தை சந்தையாகப் போன மாட்டுத் தரகர். பிள்ளைக்கு அவர் விட்டுப்போன சொத்து ஒரே ஒரு பாடம்: "வாங்கறவன் மாடு கறுப்புன்னா கறுப்புன்னு சொல்லு. விக்கறவன் வெள்ளன்னா வெள்ளன்னு சொல்லு. ஆனா ரெண்டு பேரையும் ஒரே மாட்டுக்கு முன்னால நிறுத்திடாத."

ஜெயப்பிரகாசுக்கு ரக்பி மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. ஒரு அங்குலப் பைப்புக்கு முக்கால் அங்குல எல்போ வளைவு கேட்கிறவன் மேல் இருக்கிற அளவு மரியாதை, முட்டை மாதிரிப் பந்தை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் மேலும் அவருக்கு இருந்தது. எல்லாம் ரிமோட்டில் கை தவறியதில் ஆரம்பித்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் செய்தி போட நினைத்து ரக்பியைப் போட்டுவிட்டார். வாடகை வாங்க வந்த சவரியப்பன் அப்படியே நின்று, டிவி இருந்த பக்கத்தையே கண் கொட்டாமல் பார்த்தார். பிரான்சில் துலூஸ் என்கிற ஊரில் இருபது வருடம் ஓட்டலில் சமையல்காரராக இருந்துவிட்டு வந்தவர் அவர்.

"உங்க ஊரு டீமுங்களா ஐயா?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

"ஆங்... ஆமா. துலூஸு. கிளப்பு," என்றார் சவரியப்பன், திடுக்கிட்டவர் மாதிரி.

அது போதாதா? அன்றைக்கே கேபிள்காரன் ஜானைக் கூப்பிட்டு விளையாட்டுச் சேனல் இரண்டுக்கும் சந்தா கட்டினார். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சவரியப்பன் வந்தார், கிளப் மேட்ச் பார்த்தார்.

புதன்கிழமை செல்லமுத்து. கல்வராயன் மலையில் மரவள்ளிக் காடுகளுக்கெல்லாம் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கிற காண்ட்ராக்டர். கடையின் பாதி பைப் அவரால்தான் மலையேறியது, அதுவும் கிழங்கு வெட்டும்வரை கடனில். முதல் புதனே டிவியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்புச் சட்டக்காரங்க நியூசிலாந்து ஆளுங்கதான? எம் மருமவன் அங்கதான் மாட்டுப் பண்ணையில கீறான்," என்றார். அப்புறம் என்ன? புதன்கிழமை நாடுகளின் ஆட்டம்.

ஜெயப்பிரகாஷ் செல்போனில் படித்துப் படித்துச் சரக்கு சேர்த்தார். சனிக்கிழமைச் சரக்கு: வாராவாரம் உடம்பு தேய ஆடுகிறவன் கிளப்காரன். புதன்கிழமைச் சரக்கு: நாட்டுக்கு ஆடாத ஆட்டம் ஆட்டமே இல்லை. ஒரு விசயம் மட்டும் அவருக்கு ஆச்சரியம். போன வாரம் தான் சொன்னதையே இந்த வாரம் அவர்கள் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். ரசிகர்கள் எல்லாம் ஒரே மாதிரி யோசிப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

"புதங்கெழம மலையில ரோட்டு மேல மரம் சாஞ்சிடுச்சிபா," என்றபடி உள்ளே வந்தார் செல்லமுத்து. "ஒரு வண்டி எறங்கல. அதான் இன்னிக்கி..." டிவியைப் பார்த்ததும் நின்றார். "இன்னா ஆட்டம் இது? கறுப்புச் சட்டக்காரங்க எங்க?"

"இது கிளப்பு மேட்சுங்க," என்றார் சவரியப்பன் மரியாதையாக.

செல்லமுத்து ஜெயப்பிரகாசைப் பார்த்த பார்வையில், சோறு வைத்த இடத்தில் பழையதைத் தின்கிறவனைப் பார்க்கிற இரக்கம் இருந்தது. "உனுக்கா இந்த கதி ஜெயப்பிரகாசு? நாட்டுக்கு ஆடாத ஆட்டம் ஆட்டமே இல்லன்னு நீதான சொன்ன?"

சவரியப்பன் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். "அப்பிடியா சொன்னீங்க?"

மடியிலிருந்த மஞ்சப்பை அக்குளுக்குப் போனது.

"அது வந்துங்க ஐயா... உலகக் கோப்பை நடக்கறப்ப மட்டும்... நாலு வருசத்துக்கு ஒருக்கா..."

"நாலு வருசத்துக்கு ஒருக்கா சோறு துன்னா ஆவுமா?" என்றார் சவரியப்பன், செல்லமுத்துவைப் பார்த்து. "வாராவாரம் ஒடம்பு தேய ஆடறவன் கிளப்புக்காரன். ஜெயப்பிரகாசே சொல்லிக்கிறாரு. அவுரு மனசு நோவற மாரி பேசாதீங்க."

"நான் நோவடிக்கிறனா? அவுரு மனசு எனுக்குத் தெரியாதா?" செல்லமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டார். "கிளப்புக்காரன் இன்னிக்கி இங்க. எவனாச்சும் காசு ஜாஸ்தி குடுத்தா நாளிக்கி அங்க. நாட்ட அப்பிடி மாத்த முடியுமா?"

"அந்த ஆளுக்கு வருசம் பூரா சோத்தப் போட்டு வளத்தது யாரு? கிளப்பு. பாதி சீசன்ல நாட்டுக்காரன் வந்து இட்டுக்கினு போயிட்றான். கைய ஒடச்சி, கால ஒடச்சி திருப்பி அனுப்பறான்."

"பெத்தவன் வளப்பான், கட்டனவன் இட்டுக்கினு போவான். ஒலகத்துல எல்லா வூட்டுலயும் நடக்கறதுதான?"

சண்டையை நிறுத்த ஜெயப்பிரகாஷ் ரிமோட்டை எடுத்து நாடுகளின் சேனலுக்கு மாற்றினார். சவரியப்பன் முகம் விழுந்தது. உடனே கிளப் சேனலுக்கு மாற்றினார். செல்லமுத்து பைப் வாங்க எழுதிக் கொண்டுவந்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாலைந்து தடவை மாற்றியதில் இரண்டு ஆட்டமும் ஒரே ஆட்டம் மாதிரித்தான் தெரிந்தது. அதை வெளியே சொல்கிற நிலைமையில் அவர் இல்லை.

கடைசியில் தரகர் மகன் தரகையே நம்பினார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. கிளப்பு மேட்சு வாரச்சந்தை மாதிரி. உலகக் கோப்பை தேரு மாதிரி. ஊருன்னா ரெண்டும்தான் வேணும். இன்னா சொல்றீங்க?"

தன் பேச்சு தனக்கே பிடித்திருந்தது ஜெயப்பிரகாசுக்கு.

"அப்ப இது சந்த," என்றார் சவரியப்பன் மெதுவாக. "கத்திரிக்கா யாவாரம்."

"அப்ப அது ஒரு நாள் கூத்து," என்றார் செல்லமுத்து. "தேரு போச்சின்னா தெருவுல மிச்சம் பொரியும் செருப்பும்தான்."

இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் ஒத்த மனதோடு பார்த்துக்கொண்டார்கள். மஞ்சப்பை அக்குளிலிருந்து தோளுக்கு ஏறியது. தோளில் பை ஏறினால் மனிதன் கிளம்புகிறான் என்று அர்த்தம்.

ஜெயப்பிரகாசின் பெண்சாதி சந்தியா போனில் கேட்டாள். "கையெழுத்துப் போட்டாரா?"

"மேட்ச் ஓடுது."

"நீ ஆட்றியா இன்னா? வாங்கிக்கினு வா."

டிவி இருக்கிறவரை கையெழுத்து இல்லை என்று அவருக்குப் பட்டது. கல்லாவுக்குப் பின்னால் போய், சத்தம் வராமல் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் சோர்ந்து நின்றது. டிவி இருண்டது.

"அடடா, கரண்ட்டு பூடுச்சே!" என்றார், துக்கத்தை அளந்து ஊற்றி.

"எதிர் டீக்கடையில எரியுதே?" என்றார் செல்லமுத்து.

"நம்ம ஃபேஸ் மட்டும் போயிருக்கும்ணே. எப்ப வருமோ. அதுக்குள்ள அந்தக் கையெழுத்த..."

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். அது பம்ப்செட் கடை. முன்னால் டெமோவுக்கு வைத்த இன்வெர்ட்டர், முழு சார்ஜில், பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"நீ ஒக்காரு ஜெயப்பிரகாசு," என்று செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நாங்க கீறோம். உன் மேட்சு நிக்காது." ஒயரைப் பிரித்து இழுத்தார்.

"பிளக்க நான் மாத்தறேன்," என்று சவரியப்பன் எழுபது வயதில் ஸ்டூல் மேல் ஏறினார்.

"ஐயா, வேணாங்க, எறங்குங்க!"

"சும்மா இருங்க. உங்குளுக்காவ இதுகூட செய்ய மாட்டனா?"

வெறி என்றால் இதுதான் வெறி என்று நினைத்துக்கொண்டார் ஜெயப்பிரகாஷ். ஸ்டூலுக்கு நேர் மேலே, டிவி மாட்டிய சுவரில், மழைத் தண்ணீர் இறங்கி ஊறிய பெரிய ஈரத் திட்டு. அதைச் சொன்னால் ஒப்பந்தம் கசந்துவிடும் என்று எட்டு மாதமாக அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை.

சவரியப்பன் ஒரு கையால் பிளக்கைப் பிடுங்கினார். மறு கையால், விழாமல் இருக்க, டிவியைப் பிடித்தார்.

டிவி வந்தது. அதைப் பிடித்திருந்த ஆணி வந்தது. ஆணியைப் பிடித்திருந்த பூச்சு, எருமை படுக்கிற மாதிரி, மொத்தமாக இறங்கியது. செல்லமுத்து பாய்ந்து சவரியப்பனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கட்டிப் பிடிக்கிற விசயத்தில் எட்டு மாதப் பயிற்சி வீண் போகவில்லை. டிவியைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அது செங்கல் தூளுக்கு அடியில், குவியலில் கடைசியாகச் சிக்கிய ஆட்டக்காரன் மாதிரிக் குப்புறக் கிடந்தது.

ஜெயப்பிரகாசுக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குமிழியிட்டு எழுந்தது. எழவு வீட்டு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எஞ் செவுரு," என்றார் சவரியப்பன். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "எஞ் செவுத்தால உங்க டிவி பூடுச்சே ஜெயப்பிரகாசு."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு மோட்டார்ப் பெட்டி மேல் விரித்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "செவுத்த நான் பூசித் தர்றேன். டிவியும் நாந்தான் வாங்கித் தருவேன்."

"பாதி என்னுது," என்றார் செல்லமுத்து. பைப் சீட்டு சட்டைப்பையிலிருந்து வெளியே வந்து கல்லா மேல் உட்கார்ந்தது. "இதவிட பெர்சா வாங்கணும். இனிமே சண்டையே வாணாம். சனிக்கெழம கிளப்பு, புதங்கெழம நாடு. ரெண்டு நாளும் மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாப்பம்."

"மூணு வருசத்துக்கும்," என்றார் சவரியப்பன், ஒப்பந்தத்தைத் தட்டி.

ஜெயப்பிரகாசின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து இருவரும் நெகிழ்ந்துபோனார்கள். செல்லமுத்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பாவம், எவ்ளோ பிரியம் வெச்சிக்கிறான் பாரு."

அவர்கள் போனபிறகு ஜெயப்பிரகாஷ் மெயினைப் போட்டுவிட்டு, கையெழுத்தான தாளோடு தூளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கடை மிஞ்சியது. வாரத்தில் இரண்டு நாள் போனது. மாசக் காசு வசூலுக்குக் கேபிள் ஜான் வந்தான். கீழே கிடந்த டிவியைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"ஜான், நல்ல நேரத்துல வந்த. அந்த ரெண்டு சேனலையும் கட் பண்ணிடு. பெரியவங்க கேட்டா கம்பெனியே நிறுத்திட்டான்னு சொல்லிடு."

"எதுக்குண்ணே? அந்த ஆட்டம்னா உனுக்கு உசுராச்சே."

"எவன் சொன்னான்? எனுக்குப் பந்து எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியாதுடா. அவங்க ரெண்டு பேருக்காவத்தான் எட்டு மாசமா ஒக்காந்து கீறேன்."

ஜான் செல்போனைத் திறந்து கொஞ்ச நேரம் தேய்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். மறுபடி செல்போனைப் பார்த்தான்.

"கட் பண்ண முடியாதுண்ணே. சவரியப்பன் ஐயா உன் பேர்ல ஒரு வருசத்துக்கு முன்பணம் கட்டிக்கிறாரு. செல்லமுத்து அண்ணனும் கட்டிக்கிறாரு. தனித்தனியாத்தான் வந்தாங்க, ரெண்டு பேரும் ஒண்ணேதான் சொன்னாங்க: 'எங்குளுக்கு ஒரு எழவும் புரியல, ஜெயப்பிரகாசுக்கு அதுன்னா உசுரு, அவுரு மொகம் கோணக் கூடாது, சொல்லிடாத'ன்னு. உன்னுது சேத்தா மூணு சந்தா வரவுல கீது. பாக்குறவங்க கணக்குலதான் சைபரு."