சீனி குணமான விழா

பிள்ளைகள் விளையாடுவதை முறைப்படுத்த வேண்டும் என்று 1984-இல் ஈப்போ நகரில் ஓர் அரசாங்க வாரியம் தீர்மானம் போட்டது. அதுவரை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எந்த அனுமதியும் இல்லாமல்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்காய் பக்கம். பால்மரம் சீவும் ராக்காயிக்கு ஒரே மகள், பெயர் சீனி. தோட்டத்துப் பள்ளியில் முதலாம் வகுப்பு. மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தம் அவளுக்கு அடியாக விழும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். சட்டைத் தையல் கழுத்தில் உரசினாலே அலறுவாள். காத்துக் கருப்பு என்று சிலரும், செல்லம் அதிகம் என்று மற்றவர்களும் ஆளுக்கொன்று கண்டுபிடித்துச் சொன்னோம். ராக்காயியும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பேசின் நிறைய ரப்பர் கொட்டையைக் கொட்டி, அதில் கையை விட்டு அளையவிட்டால் பிள்ளை அடங்கிவிடும். பேசினைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தின் கடைசி மூலையில் வைத்தாள். சீனி அங்கே உட்கார்ந்தபடியே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"பிள்ளை உட்கார்ந்தா இருக்கட்டும். இல்லன்னா அடுத்த வருசம் சேர்க்க முடியாதும்மா" என்றார் தலைமையாசிரியர்.

இந்த நிலையில்தான் வாரியத்தின் வட்டார அதிகாரி ஜெயபாலன், நாலு பை வைத்த புஷ் ஜாக்கெட் சகிதம் வருகை புரிந்தார். நேராக மூலைக்குப் போனார்.

"இது என்ன?"

"ரப்பர் கொட்டை, சார்" என்றாள் ராக்காயி.

"வாரியம் அங்கீகரிச்ச சாமானா?"

"மரத்துலேருந்து விழுந்தது சார்."

"அப்ப அங்கீகாரம் இல்ல."

பொதுநலன் கருதி பேசின் பறிமுதல் செய்யப்பட்டது. மூலைக்கு 'வாரிய விளையாட்டு மூலை' என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள்; பேசினுக்குப் பதிலாக ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. சீனி மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வெளிநாட்டில் செய்த சாமான்கள். முடி வைத்த கரடிப் பொம்மை, சொரசொரப்பான பலகை, பட்டுத்துணி, அமுக்குகிற பந்து. தடவலாம், பிசையலாம், கன்னத்தில் தேய்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ராக்காயி கரடியின் உறையைக் கிழிக்கப் போனாள்.

"ஐயோ, கிழிக்காதேம்மா! கவர்மெண்ட் சாமான் லா!"

"பிள்ளைங்க தொட்டுப் பார்க்கத்தானே சார் கொண்டாந்தீங்க?"

"தொடட்டும். யாரு வேணாம்னா? பிளாஸ்டிக்கோட தொடட்டும்."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இதில் என்ன தப்பு? ஜெயபாலனின் கார் சீட்டிலேயே உறை இருந்தது. எங்கள் கோயில் தலைவரும் பெற்றோர் சங்கத் தலைவருமான உடையப்பன் வீட்டுச் சோபா வந்து பல தீபாவளி ஆகியும் உறை கழற்றப்படவில்லை. மத்தியானம் அதில் உட்கார்ந்தவர்கள் தொடையை உரித்துத்தான் எடுக்க வேண்டும். உறையைக் கழற்றினால் அது பழைய சாமான் ஆகிவிடுமே!

ஆகவே கரடி வழவழவென்று இருந்தது. சொரசொரப்பான பலகையும் வழவழவென்று இருந்தது. உறை சரசரத்த சத்தத்தில் சீனி மேசைக்கடிக்குப் போனாள். ஜெயபாலன் தம் அறிக்கையில், "அனைத்து விளையாட்டுப் பொருள்களும் அனைத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான உணர்வைப் பாகுபாடின்றி வழங்குகின்றன" என்று எழுதினார்.

அந்தக் கரடியோடு அவர் நின்ற படம் பத்திரிகையில் வந்ததும் ஈப்போவே எழுந்து உட்கார்ந்தது. குறையே இல்லாத பிள்ளைகளின் பெற்றோர்தான் விளையாட்டு மூலைகளில் இடம் கேட்டு முதலில் ஓடினார்கள். ஜப்பான்காரப் பிள்ளைகள் இப்படி விளையாடித்தான் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஆனார்களாம். இடம் கொஞ்சம், கூட்டம் அதிகம் என்பதால் வாரியம் பரீட்சை வைத்தது. பரீட்சை என்றால் டியூசன் வராமல் இருக்குமா? கடைவீட்டு மாடிகளில் விளையாட்டு டியூசன் முளைத்தது. திடலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அடித்து இழுத்துக்கொண்டு போய் விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். உடையப்பன் மகன் பந்தை அமுக்குவதில் பின்தங்கியதால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு.

பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு மூலையில் இடமில்லை என்று சுற்றறிக்கை வந்ததும் ராக்காயி கோயிலுக்கு ஓடினாள்.

"மூலை இல்லன்னா என் பிள்ளைக்கு ஸ்கூலே இல்லண்ணே" என்று உடையப்பனிடம் அழுதாள்.

"சாமிய கும்பிட்டு எழுதச் சொல்லு" என்றார் அவர்.

பரீட்சை ஈப்போவில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. பரீட்சை அல்லவா? பேச்சு கூடாது, மணி கூடாது, ஒருவர்மேல் ஒருவர் படக்கூடாது. அதிகாரிகள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். ஆளுக்கொரு தட்டில் மணல் வைத்திருந்தார்கள். மணலுக்கு உறை போட வாரியத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. சீனி இரண்டு கையையும் மணலுக்குள் விட்டாள். அளைந்தாள், அள்ளினாள், ஒழுகவிட்டாள். கடைசிவரை இடத்தைவிட்டு எழாமல் இருந்தாள். சன்னலோரம் நின்று பார்த்த ராக்காயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஜெயபாலன் வெளியே வந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

"வாழ்த்துகள்! உங்க பிள்ளை பாஸ், குணமாயிட்டா. இனி ஒரு குறையும் இல்ல. அதனால மூலையில இடமும் இல்ல."

"சார், உள்ளே சத்தமே இல்ல சார். அதான் உட்கார்ந்தா. மணி அடிச்சா தாங்க மாட்டா."

"மணி வெளியிலதானே அடிக்குது? எங்க அதிகாரம் உள்ளே மட்டும்தான்."

"அப்ப அந்த ரப்பர் கொட்டையவாவது திருப்பிக் கொடுங்க சார்."

"குணமான பிள்ளைக்கு அது எதுக்கு?"

வாரியத்தின் முதல் வெற்றி எங்கள் தோட்டத்துப் பிள்ளை! நாங்கள் சும்மா இருப்போமா? உடையப்பன் வீடு வீடாகப் போய் வசூல் செய்தார். கோயில் திடலில் பந்தல் போட்டோம். பக்கத்து ஊர் பீடோரிலிருந்து உறுமி மேளம் வந்தது. இடுப்புயர ஒலிபெருக்கிகள் வந்தன. பட்டாசுச் சரம் தென்னை உயரத்துக்குத் தொங்கியது. சரிகை குத்துகிற பட்டுப்பாவாடையைச் சீனிக்கு உடுத்தி, மாலை போட்டு மேடையில் உட்காரவைத்தோம். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

உறுமியில் முதல் அடி விழுந்ததும் சீனி அலறினாள்.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றார் ஜெயபாலன்.

மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பிள்ளை மேடையிலிருந்த மேசைக்கடியில் சுருண்டாள். ராக்காயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள். வாயசைந்தது, உறுமியில் எதுவும் கேட்கவில்லை.

"தாய் நன்றி சொல்ல வாரா, மைக்க கொடுங்க லா!" என்றார் உடையப்பன்.

ராக்காயி மைக்கைப் பிடுங்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சத்தம் போடாதீங்க! என் பிள்ள செத்துரும்!"

அத்தனை ஒலிபெருக்கிகளும் சேர்ந்து அதிர்ந்தன. அன்றைக்கு எழுந்த சத்தத்திலேயே பெரிய சத்தம் அதுதான். சீனி பெற்ற தாயின் குரலுக்குப் பயந்து மேடையிலிருந்து குதித்து, ரப்பர் மரங்களுக்குள் ஓடினாள். ராக்காயி மைக்கைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

"பார்த்தீங்களா, பிள்ளை எப்படி ஓடி விளையாடுது!" என்றார் ஜெயபாலன்.

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.