சொட்டு ருசி பார்த்த கண் மருந்துகள்

மரக்காணம் உப்பளங்களில் கண் மருந்தை நாக்கால் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் சொட்டுதான். பெற்றோர் வைத்த பெயர் எவருக்கும் நினைவில்லை. நினைவில் வைக்கும் தகுதியை அவரும் தேடிக்கொள்ளவில்லை.

உப்பு லாரிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். உப்பின் வெள்ளைக் கூச்சமும் கடற்காற்றும் கண்ணை உலர்த்திவிட, மருத்துவர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அறிவுள்ளவன் அதை விட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பான். இவரோ கடையிலிருந்த உலர்கண் மருந்துகளையெல்லாம் வாங்கி, வலக்கண்ணில் ஒன்று, இடக்கண்ணில் இன்னொன்று என்று பந்தயம் விட்டார். அதோடு நின்றாரா? உப்புநீரைச் சோதிப்பதுபோல் ஒவ்வொன்றையும் லாரி பானெட்டில் சொட்டி, வெயிலில் காயவைத்து, மிஞ்சியதை நகத்தால் சுரண்டி நக்கினார்.

“இது தண்ணியாட்டம் ஜில்லுன்னு இருக்குதுங்க. ஒரு லோடு ஏத்தறதுக்குள்ள காஞ்சிடும். இது ஜெல்லு, ரொம்ப நேரம் நிக்கும். ஆனா எதிர்ல வர்றது மாடா மேஸ்திரியான்னு தெரியாது.”

“எதுதானய்யா நல்லது?” என்றேன்.

“காஞ்சா வெள்ளையா பூக்காததுங்க.”

“கண்ணுக்குள் உப்பு விளைவிக்கவா மருந்து விடுகிறோம்?”

“அதத்தாங்க நானும் சொல்றேன்!”

இத்தகைய மனிதரிடம் ஏளனமும் வீண்.

எனக்கும் அதே நோய்தான், எவரிடமும் சொன்னதில்லை. உலர்ந்த கண் எரிச்சல் தாளாமல் திடீரென்று நீரைக் கொட்டும். உப்பள உரிமையாளர் கூட்டத்தில் அதுதான் நடந்தது. மழையில் சிதைந்த உப்பளப் பாதையைச் சீரமைக்கக் கோரும் மனுவை, சங்கத் தலைவன் என்ற முறையில், அதிகாரி முன் நான் வாசிக்க வேண்டும். கெஞ்சாமல், உரிமையோடு கேட்பதென்று முடிவு செய்திருந்தோம். இரண்டு வரி வாசிப்பதற்குள் கன்னமெல்லாம் கண்ணீர்.

“பெரியவரே, அழாதீங்க” என்று அதிகாரி கைக்குட்டையை நீட்டினார்.

“டேய், தலைவரு அழுவுறாருடா!” என்றது பின்வரிசை. ஆயுள் முழுதும் காத்த கௌரவம் அந்தக் கைக்குட்டையை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

சொட்டு எழுந்தார். “எவன்டா அது? ஐயா அழுவுற ஆளா? கண்ணு காஞ்சிருக்குதுடா, அதான் ஊத்துது!”

“ஏம்பா, காஞ்சா எப்டி ஊத்தும்?”

“உனக்கு வந்தா தெரியும், உக்காரு!”

அரங்கம் சிரித்தது. அவர் மேடையேறி, என் அனுமதியைக் கேளாமல், கோழியைப் பிடிப்பதுபோல் என் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணுக்கொரு சொட்டு விட்டார். “பூக்காததுங்க” என்று காதோடு சொன்னார். எழுத்துகள் தெளிந்தன. மிச்சத்தை உரத்த குரலில் வாசித்தேன். அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சொட்டு இப்போது உயிரோடில்லை. மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. அழுகிறீர்களா என்று எவரேனும் கேட்டால், நான் மறுப்பதில்லை.