கமா சாரின் நாலாவது பிரவுசர்

"ஏங்க, கடல்காத்து என் உடம்புக்கு ஒத்துக்குமா?"

மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள். கமா சாருக்குக் காபி புரையேறிவிட்டது.

அவர் அச்சகத்தில் புரூஃப் ரீடர். மூலப்பிரதியைப் புள்ளி, கமா விடாமல் அவர் வாசிக்க, எதிரே இருப்பவர் அச்சுப்படியோடு ஒப்பிடுவார். முப்பது வருட வேலை. சொந்தப் பெயர் மறந்து கமா என்றே நிலைத்துவிட்டது.

அடுத்த வாரம் இருபத்தைந்தாவது கல்யாண நாள். 'ஒருநாள் உன்னைக் கடல் தெரியற ரூம்ல கண்முழிக்க வைக்கிறேன்' என்று புதுமாப்பிள்ளையாக இருந்தபோது சொன்னவர்தான். அப்புறம் பிள்ளைகள், படிப்பு, வைத்தியம் என்று கடல் தள்ளித் தள்ளிப் போய்விட்டது. இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிப்போய், ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. நேற்று மாலை ஹால் கம்ப்யூட்டரில் விடுதி தேடினார், அவ்வளவுதான்.

பின்னே இவளுக்கு எப்படி மூக்கில் வியர்த்தது?

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினனைப் போனில் பிடித்தார்.

"மாப்ளே, நம்ம வீட்டு பிரவுசரும் உங்க அக்கா போன்ல இருக்கறதும் ஒண்ணா?"

"உலகத்துல முக்கால்வாசிப் பேர்கிட்ட அதுதான் மாமா இருக்கு. ஏன்?"

"இங்க நான் தட்டறதை அங்க போய் வத்தி வைக்குது!"

அன்றே அந்தப் பெரிய பிரவுசரைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டார். 'கடல் பார்த்த மாடி அறை' என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினார்.

மறுநாள் காலை மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "மாடி ரூம்னா படி ஏறணும், இல்ல?"

மூன்றாவது பிரவுசர் வந்தது. இந்த முறை கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கு நகர்த்திக் கதவையும் தாழிட்டுக்கொண்டார். மறுநாள் பரணில் இருந்த பெட்டி கீழே இறங்கி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மச்சினன் நேரில் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, நீங்க சட்டையைத்தான் மாத்தியிருக்கீங்க. உள்ள இருக்கற ஆளு ஒருத்தன்தான். இந்த மூணுக்கும் இன்ஜின் ஒண்ணு."

"எல்லாத்துக்கும் ஒரே ஆளா? அப்போ அவன் வச்சதுதானே சட்டம்?"

"அதான் பயம். சொந்த இன்ஜினோட ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கு. அதுல ஒண்ணு போட்டுத் தரேன். ஆனா எல்லாப் பக்கமும் திறக்கும்னு சொல்ல முடியாது."

"போடு. ஒற்றன் இல்லாம இருந்தா போதும்."

இப்போது அவருக்கு வீட்டுச் சுவர் மேலேயே சந்தேகம். மச்சினனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாலை நேரம் பால்கனிக்குக் குடிபெயர்ந்தார். நாலாவது பிரவுசரில் விடுதியின் பக்கத்தைத் திறந்தார். வெறும் வெள்ளை. நடுவில் ஒரு வரி: 'உங்கள் பிரவுசரில் இந்தப் பக்கம் திறக்காது.' கீழே, திறக்கும் ஒரே பிரவுசரின் படம். அவர் முதலில் விரட்டியதே அதுதான்.

கமா சாருக்கு ரத்தம் கொதித்தது. விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினார். 'ஒரே ஒரு பிரவுசருக்குத்தான் கதவைத் திறப்போம் என்றால் இது பொது இணையமா, உங்கள் மாமனார் வீடா?' கேள்விக்குறி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அனுப்பினார்.

பதில் வந்தது: 'மன்னிக்கவும். மற்ற பிரவுசர்களில் சோதித்துப் பார்க்க எங்களிடம் ஆளில்லை. ஒரு அறைதான் மிச்சம்.'

இனி கொள்கை பார்த்தால் கடல் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு பழைய ஒற்றனையே திரும்ப அழைத்தார். விடுதியின் பக்கம் உடனே திறந்துகொண்டது. பெயர் கொடு என்றது, கொடுத்தார். பாஸ்வேர்ட் கொடு என்றது, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினார். இன்னொரு முறை கொடு என்றது. அதையும் தட்டினார். பொத்தானை அழுத்தினார்.

'எல்லா அறைகளும் பதிவாகிவிட்டன.'

நம்ப முடியாமல் அந்த வரியை மூன்று முறை சரிபார்த்தார். பிழையே இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருட வாக்கு, நாலு பிரவுசர், எல்லாம் வீண்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தாள்.

"மனசை விடாதீங்க சார், அந்தக் கடைசி ரூமை அக்காதான் விடுதிக்குப் போன் பண்ணி உங்க பேருல போட்டுட்டாங்க, ஆனா ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள அந்த பாஸ்வேர்டை மாத்திடுங்க, நீங்க தட்டத் தட்ட வாய்விட்டு வாசிக்கறதுல கடைசி ஆச்சரியக்குறி வரைக்கும் மூணு மாடிக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு!"