அசதிக்குப் பொருள் கண்ட குழு

இந்த அலுவலகத்தில் அசதி என்பது இன்று முதல் அறவே ஒழிக்கப்பட்டது என்று சுற்றறிக்கை வந்தது. லிஃப்ட் பழுது. நான்கு மாடியும் ஏறி அதைக் கொண்டுவந்த பியூன், மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே நெஞ்சில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு மஞ்சள் பட்டை, "நான் உற்சாகம்" என்று அச்சடித்து. இப்போதெல்லாம் எந்த ஆபீஸிலும் அதுதான் நாகரிகமாம்.

சிக்கல் முத்திரை அக்காவுக்குத்தான். மனுக்களில் முத்திரை குத்துகிறவள் என்பதால் அந்தப் பெயர். மாமியார் காய்ச்சலில் கிடந்ததில் ஒரு வாரமாக அவள் கண்ணை மூடவில்லை. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரே ஒரு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்க வேண்டும், அவ்வளவுதான். லீவு கடிதத்தில் காரணம் "அசதி" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேலாளர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னம்மா இது? இல்லாத ஒண்ணுக்கு எப்படி லீவு குடுக்கிறது?"

"எனக்கு இருக்கே சார்!"

"காய்ச்சல்னு போடுங்களேன்."

"காய்ச்சல் மாமியாருக்கு. அதுவும் போயிடுச்சு. பொய் எழுதினா நீங்களே மெமோ குடுப்பீங்க."

நியாயம்தானே. ஆகவே, மேற்படி சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் வரையறுக்க மூத்த அதிகாரிகள் ஐவர் கொண்ட குழு மதியமே கூடியது. சாப்பாடு முடிந்த நேரம், மின்விசிறி வேறு சுகமாக ஓடியது. மேலாளர் வரைவை வாசிக்க வாசிக்க ஐந்து தலைகளும் தொங்கின, நிமிர்ந்தன, மறுபடி தொங்கின. "உறுப்பினர்கள் ஒருமனதாகத் தலையசைத்து ஆமோதித்தனர்" என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். இடையில் எழுந்த குறட்டை ஒன்று மட்டும் குறிப்பில் ஏறவில்லை.

மாலையில் மேலாளர் அக்காவுக்கு முடிவைப் படித்துக் காட்டினார்.

"அசதியாவது, தனக்கு அசதி என்று சொல்லவும் திராணியற்ற நிலை. சொல்லத் திராணி உள்ளவர் அசதி உள்ளவர் ஆகார்."

"அப்ப நிஜமாவே அசந்தவ எப்படி சார் லீவு கேக்கிறது?"

"கேக்கக் கூடாது. கேட்டா அசதி இல்லே. இப்ப பாருங்க, எவ்வளவு தெம்பா வாதாடுறீங்க! பட்டையைக் குத்திக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலை அவள் ஜன்னல் முன்னே வரிசை நீண்டிருந்தது. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, நிக்க முடியலே. செத்த உக்கார ஒரு நாற்காலி கிடைக்குமா?"

அக்கா நிமிரக்கூட இல்லை.

"முடியலேன்னு சொல்ல முடியுதுல்ல? நில்லுங்க."

"அதானே! பெருசு தெம்பாத்தான் இருக்கு" என்றார்கள் பின்னால் நின்றவர்கள், தங்கள் முறை சீக்கிரம் வரட்டுமே என்று.