ரஸ்க்குடன் அருந்தத் தக்கது

எந்தத் திராட்சை ஒயின் எந்த உணவோடு சேரும் என்பதைக் குடிமக்கள் தாங்களாகவே முடிவு செய்துவிட்டால் நாடு என்ன ஆவது? ஆகவே அதற்கென்று ஒரு குழு இருந்தது. அதன் சான்றிதழ் இல்லாமல் ஒரு பீப்பாய்கூடத் தோட்டத்தை விட்டு நகரக்கூடாது.

தோட்டக்காரர் புதுரகக் கருந்திராட்சையில் ஒயின் செய்து, மனைவி வறுத்த ஆட்டுக்கறியோடு குழுவின் முன் வந்து நின்றார். விளைச்சல் முழுவதும் பீப்பாயில் கிடந்தது. குழுத் தலைவருக்கு அலுவலகத்தில் பத்தியம் சார் என்று பெயர். உப்பு, காரம், கொழுப்பு, மது எதுவும் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. ஒயினைச் சோதிக்க இவரைவிடப் பாரபட்சமற்றவர் கிடைக்க மாட்டார் என்று மேலிடம் கருதியது.

"இதோட குணம் என்ன?"

"கொஞ்சம் துவர்க்கும் சார். கடைசியில மிளகு மாதிரி ஒரு சுருக்கு. கொழுப்புக் கறியோட குடிச்சா துவர்ப்பு அடங்கி, பழவாசனை மேல வரும்."

"கறியா? எனக்கு ஆகாதே."

"நீங்க சாப்பிட வேண்டாம் சார், குடிக்கிறவங்க..."

"நான் சாப்பிடாததை ஜனங்களுக்கு எப்படிய்யா சிபாரிசு பண்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

இழுப்பறையிலிருந்து ரஸ்க் ஒன்றை எடுத்தார். ஒயினை முகர்ந்துகொண்டே கடித்தார். கண்ணை மூடினார். உறுப்பினர்களும் மூடினார்கள்.

"சாந்தம். பணிவு."

"ஆமா சார், பணிவு நல்லாவே தெரியுது" என்றார் ஓர் உறுப்பினர்.

சான்றிதழ் வந்தது: 'மேற்படி திராட்சை சாந்த குணமுடையது. பாலில் நனைத்த ரஸ்க்குடன் மட்டுமே அருந்தத் தக்கது. பிற உணவுடன் பரிமாறுவது குற்றமாகக் கருதப்படும்.' தோட்டக்காரருக்கு அழுகை வந்தது. வாங்கிக்கொண்டார். பீப்பாய் நகர வேண்டுமே.

நகரத்துப் பெரிய மனிதர்கள் விடுவார்களா? ஓட்டல்களில் ரஸ்க் வெள்ளித் தட்டில் வந்தது. எத்தனை நொடி நனைத்தால் திராட்சையின் பணிவு வெளிப்படும் என்று வகுப்பு நடந்தது. நான் முதல் வரிசை.

போன வாரம் அந்தத் தோட்டத்துக்கே போனேன். வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. தோட்டக்காரர் என்னை அவசரமாக உள்ளே இழுத்துத் தாழ் போட்டார். மேசையில் ஒயினும் வறுத்த கறியும். ஓய்வு பெற்ற பத்தியம் சார் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க உடம்புக்கு?"

"டாக்டர் பார்த்த அந்த ரிப்போர்ட்டு வேற யாரோடதோவாம்யா!"

"அப்ப சான்றிதழை மாத்தச் சொல்லலாமே?"

"அரசாங்க உத்தரவுய்யா அது. அதுல கை வைக்க நான் யாரு?"

தோட்டக்காரரின் மனைவி தட்டை நீட்டினார். "சூடா இருக்குண்ணே, சாப்பிடுங்க."

எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது. ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஜனங்கள்.

"ரஸ்க் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.